கொற்றியின் தாமதம்

‘இருபடை’ வெளியான அன்று எங்களுக்கு வந்த முதல் விமர்சனம் ஒரே எழுத்து. ‘தூ.’ எழுதியவர் ஈரோட்டுக்காரர். அவர் விளையாட்டை இன்னும் முழுதாக இறக்கிக்கூட முடிக்கவில்லை என்பது எங்கள் திரையில் தெரிந்தது. அதற்குள் துப்பிவிட்டார்.

இந்தத் துப்பல்களைப் படித்து, தரம் பிரித்து, மேலே அனுப்புவதுதான் என் வேலை. என் பெயர் ஜெசிந்தா. கோவை சரவணம்பட்டியில் இருக்கும் செங்கழுகு கேம்ஸ் கம்பெனியில் எனக்குக் கொடுத்திருக்கும் பதவி ‘பயனர் உறவு மேலாளர்’. ஆபீசில் எல்லோரும் சொல்வது ‘திட்டு டிபார்ட்மெண்ட்’. இரண்டாவதுதான் பொருத்தமான பெயர்.

செங்கழுகுக்கும் சென்னையில் இருக்கும் இரும்புக்கோட்டை கம்பெனிக்கும் பத்து வருடப் பகை. இரண்டு பேரும் சண்டை விளையாட்டு செய்கிறவர்கள். எங்கள் நாயகி கொற்றி. அவர்கள் நாயகன் வச்சிரன். இவர்களுடைய ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைப் படித்துப் படித்தே எனக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. இந்த நிலையில்தான் எங்கள் முதலாளி ரங்கராஜுக்கு ஒரு யோசனை வந்தது. சம்பந்தம் பேசி முடித்துவிடலாம், இரண்டு வீட்டு ஆட்களையும் ஒரே விளையாட்டில் சேர்த்துவிடலாம் என்றார். இரு தரப்பு ரசிகர்களும் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. வாங்கினார்கள், திட்டுவதற்காக.

விளையாட்டு இதுதான். நம் பக்கத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்டாயம் வீட்டுக்கு ஒருவர். ஒருவர் களத்தில் சண்டை போடுவார், மற்றவர் கயிற்றுக்கு வெளியே மூலையில் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் களைத்ததும் மூலைக்கு வந்து கூட்டாளியின் உள்ளங்கையில் தட்டினால் ஆள் மாறும். போகிற போக்கில் நம் ஆள் வீசும் கை கூட்டாளி மேல் பட்டால் கூட்டாளிக்கும் உயிர்க்கோடு, அதாவது மிச்ச உயிரைத் திரையில் காட்டும் கோடு, குறையும். இதைப் பெரிய புதுமை என்று விளம்பரம் செய்திருந்தோம்.

முதல் வாரம் வந்த திட்டுகள் வழக்கமானவை. ‘எங்கள் வச்சிரனை இந்தக் கழுகுக் கூட்டத்தோடு சேர்த்து அசிங்கப்படுத்திவிட்டார்கள்.’ ‘கொற்றியின் சேலையை எவன் மாற்றினான், அவன் கை அழுக.’ இதெல்லாம் எனக்குக் காலைக் காபி மாதிரி. இரண்டாவது வாரம்தான் டைகர் தினா வந்தான்.

தினா மதுரையிலிருந்து சேனல் நடத்துகிறவன். சண்டை விளையாட்டுக்காரர்கள் ஒரு விநாடியை அறுபது ஃப்ரேமாக வெட்டி, எந்த அடி எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுகிறவர்கள். வீட்டில் கல்யாணத் தேதி மறந்துபோகும், இது மறக்காது. தினா திரையை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினான்.

“நல்லாப் பாருங்க மக்களே. வச்சிரன் கைய ஓங்கிட்டு மூலைக்கு வர்றான். கொற்றி கைய நீட்டணுமா இல்லையா? நீட்டல. ஒரு எட்டு பின்னாடி போறா. அவன் கை காத்துல போகுது. அதுக்கப்புறம்தான் அம்மணி உள்ளாற குதிக்குறாங்க. இருபது ஃப்ரேம் லேட்டு. மத்த எவன்கூட ஜோடி போட்டாலும் இது இல்ல, வச்சிரன்கூட மட்டும்தான். செங்கழுகுக்காரய்ங்க வேணும்னே எங்க ஆளைத் தோக்கடிக்கப் பாக்குறாய்ங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் கொற்றிக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவள் பின்வாங்கும் துண்டை மட்டும் வெட்டி, பின்னணியில் கோழி கொக்கரிப்பதைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் பரப்பினார்கள். ஐந்துக்கு மூன்றாக இருந்த நட்சத்திரம் ஒன்றரைக்கு வந்தது.

நான் பெனாசிரிடம் போனேன். பெனாசிர்தான் எங்கள் பாத்திரங்களுக்கு உயிர் கொடுக்கும் இன்ஜினியர். உக்கடத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள்.

“இதுல நான் எழுதினது ஒண்ணுமில்லக்கா,” என்றாள். “நம்ம பாத்திரங்களுக்கு அசைவு எழுதறதே இல்ல. ஆளைக் கூட்டிட்டு வந்து மூணு வாரம் உடம்பு முழுக்கக் கருவி மாட்டி, சண்டை போட வெச்சு, விழ வெச்சு, பயமுறுத்தி, சிரிக்க வெச்சு எடுக்கறோம். அனிச்சைப் பதிவு. அந்த உடம்பு எதைப் பாத்தா என்ன பண்ணுமோ அதையேதான் பதிவும் பண்ணும். அடி, மாறுன்னு நீங்க உத்தரவு போடலாம். எப்படிங்கறது அந்த உடம்போட இஷ்டம்.”

“அப்ப கொற்றி பின்வாங்கறது?”

“கொற்றிக்குப் பதிவு கொடுத்தவங்களோட அனிச்சை. அவங்க உடம்புக்கு வச்சிரனைப் பிடிக்கல. இல்ல, தெரிஞ்சிருக்கு.”

“வச்சிரனுக்குப் பதிவு கொடுத்தது யாரு?”

“அது இரும்புக்கோட்டை ரகசியம். நம்ம ஆளு யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. ஒப்பந்தம் அப்படி. ஆனா ஒண்ணுக்கா, இந்தப் பதிவெல்லாம் ஆட ஆடப் பழகும். இப்பவே சரி பண்ணலேன்னா நாளைக்கு இன்னும் கெட்டியாயிரும்.”

கொற்றிக்குப் பதிவு கொடுத்தவள் பொற்கொடி. வடபழனியில் இருந்த ஸ்டண்ட் கலைஞர். கதாநாயகிகளுக்குப் பதிலாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கிறவள். இப்போது பொள்ளாச்சியில் வீடெடுத்துக்கொண்டு, அங்கே நடக்கும் படப்பிடிப்புகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன் செய்ததும் மறுநாளே பஸ் பிடித்து வந்தாள். கட்டை விரலில் பிளாஸ்திரி, கையில் ஆழியாறு மீன் வறுவல் பொட்டலம். முதல் தடவை பார்க்கிற எனக்கு மீன் வாங்கி வந்தவளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பெனாசிர் முதலில் கொற்றியை வேறொருவனோடு ஆடவிட்டுக் காட்டினாள். பொற்கொடி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். “ஐய, என் காலுதான் மேடம் அது! பாருங்க, எறங்கும்போது வலது பக்கம் சாயுது. மாஸ்டர் எத்தினி வாட்டி திட்டிருக்காரு!”

பிறகு வச்சிரனை விட்டார்கள். அவன் சண்டைகூடப் போடவில்லை. களைத்துப்போய் மூலையைப் பார்த்து நடந்து வந்தான், அவ்வளவுதான். பொற்கொடி உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவள் எழுந்து, ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். திரையில் கொற்றியும் அப்படியே நின்றாள்.

“இது தாமோதரன்,” என்றாள்.

“யாரு?”

“என் வூட்டுக்காரர். இப்ப இல்ல. ஒம்போது வருசம் இருந்தாரு. அவரும் ஸ்டண்டுதான்.” அவள் திரையைச் சுட்டிக் காட்டவில்லை, தலையால்தான் காட்டினாள். “அடிக்கறதுக்கு முன்னாடி இடது தோள் லேசா எறங்கும். படத்துல அதுக்குத்தான் விசில் அடிப்பாங்க.”

பெனாசிர் திரையை அணைத்தாள்.

பொற்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பயந்தாங்கொள்ளின்னு எழுதறாங்களாமே. நானும் பார்த்தேன், கோழி சத்தம்லாம் போட்டு. மேடம், மொத எட்டு வருசம் நான் நவுந்ததே இல்ல. நாலாவது மாடிலேர்ந்து குதிக்கறவ, வூட்ல நின்னு வாங்கிப்பேன். கண்ணு கூட மூட மாட்டேன், மூடினா அதுக்கு வேற உழும். ஒரு நாள் காலு தானா பின்னாடி போச்சு. அந்தாளு கை காத்துல சுத்திடுச்சு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நவுரலாம்னு. அடுத்த வாரம் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.”

பிறகு அவள் பெனாசிரைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க எதை வேணா மாத்துங்க பாப்பா. அந்த ஒரு எட்டை மட்டும் எடுத்துடாதீங்க. நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.”

நான் வாக்குக் கொடுத்தேன். எடுக்க விடமாட்டேன் என்றேன். எனக்கு அந்த அதிகாரம் இருப்பதாக அன்று உண்மையாகவே நம்பினேன்.

ரங்கராஜ் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் எரிச்சலே. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், உச்சுக் கொட்டினார், தண்ணீர் குடித்தார்.

“பொண்டாட்டிய அடிக்கறவனை நானும் மனுசனா மதிக்க மாட்டனுங்க. ஆனா ஜெசிந்தா, புருசன் பொண்டாட்டி வழக்கை நாம தீக்க முடியுமா? என்ற கம்பெனிக்கு ஒன்றரை நட்சத்திரம். இரும்புக்கோட்டைக்காரன் நாளைக்கே வச்சிரனைத் திருப்பி எடுத்துக்கறேங்கறான். நானூறு குடும்பம் இங்க சோறு திங்குது.”

“பதிவு கொடுத்தவங்க இயல்பை அவங்க கையெழுத்தில்லாம மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு சார். பொற்கொடி போட மாட்டாங்க.”

“இயல்பைத்தான மாத்தக் கூடாது? குறையை மாத்தலாமுல்ல.”

“எது சார் குறை? அடிக்க வந்தா விலகறது குறையா?”

“அவன் எங்க அடிக்க வந்தான்? கையில தட்ட வந்தான். விளையாட்டுல அது தட்டு. தட்ட வந்தவனைப் பாத்து ஒருத்தி பின்னால போனா, அது குறைதானுங்க.”

நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். உங்கள் மகளுக்கு இப்படி நடந்தால் என்று ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் அவர் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்தினேன். அவர் அந்த எட்டைக் ‘குறை’ என்று பதிந்து கையெழுத்திட்டுப் பெனாசிருக்கு அனுப்பிவிட்டார்.

அதே வாரம் எவனோ ஒரு பழைய படத்தில் கண்ணாடியை உடைத்துக் குதிக்கும் காலையும் கொற்றியின் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொற்கொடியின் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டான். அவளுடைய முகநூல் பக்கத்தில் போய்க் குவிந்தார்கள். ‘அடுப்படிக்குப் போ.’ ‘கரப்பான்பூச்சி வந்தாலும் ஓடுவியா?’ அவள் ஒத்துக்கொண்டிருந்த படத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். பயப்படுகிறவளை வைத்து ரிஸ்க் எடுக்க முடியாது என்றாராம் சண்டைப் பயிற்சியாளர். தீப்பிடித்த வேனிலிருந்து அவள் குதித்ததை அவரே படம் பிடித்தவர்.

அந்தச் சமயம் பார்த்து தாமோதரன் ஒரு சேனலில் தோன்றினான். இனி ரகசியம் காத்துப் பயனில்லை என்று இரும்புக்கோட்டையே அனுமதித்துவிட்டது. பூப்போட்ட சட்டை, கூலிங் கிளாஸ். “வச்சிரன் நான்தான்” என்றான். “என் மூச்சு, என் நரம்பு, எல்லாம் உள்ள இருக்கு.” கொற்றியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தான். “அவங்க ஒரு காலத்துல எங்க வீட்டம்மாதாங்க. தொட்டாச்சிணுங்கி. கைய தூக்குனாலே அழுவாங்க. மத்தபடி தங்கமான பொண்ணு.” கீழே இதயங்களாகப் பறந்தன. நான் என் போனைச் சோபாவில் வீசினேன். சுவரில் வீசியிருப்பேன், தவணை முடியவில்லை.

பெனாசிர் கொற்றியின் எட்டை எடுக்கும் வேலையைக் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாள். அன்று அவள் என்னோடு சாப்பிட வரவில்லை.

அப்டேட் போன மறுநாள் நட்சத்திரங்கள் ஏறின. வச்சிரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான், கொற்றி கையை நீட்டியபடி அசையாமல் நின்றாள், பளீரென்று தட்டு விழுந்தது, ஒரு ஃப்ரேம்கூடத் தாமதமில்லாமல் உள்ளே பாய்ந்தாள். தினா விசிலடித்துக் கொண்டாடினான். “இப்பத்தான் மக்களே கொற்றிக்குத் தைரியம் வந்திருக்கு!” அந்த வாரம் ரங்கராஜ் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டார். எனக்கு இறங்கவில்லை.

பொற்கொடி போன் செய்தாள். பார்த்தேன் என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“வுடுங்க மேடம். ஆனா அது யாருன்னு தெரியுதா உங்களுக்கு? கண்ணைக் கூட மூடாம நிக்குது பாருங்க. கல்யாணமான புதுசுல நான்.”

சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. தினா மறுபடி வந்தான். இந்த முறை அவன் குரலில் அந்தத் துள்ளல் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“மக்களே, ஒண்ணு கவனிச்சேன். வச்சிரன் கொற்றி கையில தட்டுறப்பல்லாம் கொற்றிக்கு உயிர்க்கோடு குறையுது. சண்டையே போடாம, மூலையில சும்மா நிக்கிறவளுக்கு எப்படிக் குறையும்?” அவன் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினான். கை வருகிறது. இடது தோள் இறங்குகிறது. கை கொற்றியின் உள்ளங்கைக்குப் போகவில்லை. அதைத் தாண்டிக் கன்னத்துக்குப் போகிறது. தலை திரும்புகிறது. கண் திறந்தே இருக்கிறது. பிறகுதான் அவள் உள்ளே பாய்கிறாள். வேகமாக ஓடும்போது பார்த்தால் அது தட்டு. நிறுத்திப் பார்த்தால் அறை.

நான் பெனாசிரின் மேஜைக்கு ஓடினேன். அவள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்தவங்களை இப்படி அடிக்கறதில்லக்கா. ஒழுங்கா உள்ளங்கையிலதான் தட்டறான். இவளை மட்டும்தான். அவன் உடம்புக்கும் இவளைத் தெரிஞ்சிருக்கு. முன்னாடி இவ விலகிட்டே இருந்ததால நமக்குத் தெரியல, காத்துல போச்சு. நாமதான் இவளை நிக்க வெச்சோம்.” அவள் கண் சிவந்திருந்தது. “நான்தான் நிக்க வெச்சேன்.”

இனி என்ன எழுதுவார்கள் என்று நான் ஆவலோடு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே உட்கார்ந்தேன். உலகத்துக்கே நிறுத்தி நிறுத்திக் காட்டியாகிவிட்டது, இனி அவனைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள் என்று நினைத்தேன். கரூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: ‘அந்தத் தோள் எனக்குத் தெரியும்.’ அதற்குக் கீழே ஒருவரும் பதில் போடவில்லை. மற்றவை இப்படி இருந்தன. ‘கொற்றி வேஸ்ட். ஜோடியாக எடுக்காதீர்கள், உயிர் சீக்கிரம் போகிறது.’ ‘அவன் என்ன வேண்டுமென்றா அடிக்கிறான், சண்டையின் வேகத்தில் படுகிறது.’ ‘மரம் மாதிரி நின்றால் படத்தான் செய்யும். ஒரு எட்டு விலகி நிற்க வேண்டியதுதானே? அறிவில்லையா அவளுக்கு?’

கடைசியாகச் சொன்னதை எழுதியவன், போன மாதம் கோழிச் சத்தத்தைச் சேர்த்துப் பரப்பிய அதே ஆள். பெயரைச் சரிபார்த்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் சென்னைக்காரர்களும் திரையில் இருந்தார்கள். இரும்புக்கோட்டையின் வக்கீல் ஒருவர், கழுத்துப்பட்டை இறுகிக் கிடந்தவர், நிதானமாகப் பேசினார்.

“வச்சிரனோட கையை மாத்தணும்னா பதிவு கொடுத்தவர் கையெழுத்து வேணும் சார். கேட்டோம். தர மாட்டேன்னுட்டார். அது அவரோட இயல்பு.”

“அப்ப இது குறை இல்லையா?” என்றேன். “கொற்றி விலகினது குறை. இவன் அறையறது இயல்பா?”

“மேடம், வச்சிரன்னாலே அந்தக் கைதான். ரசிகர்கள் அதுக்குத்தான் வாங்கறாங்க. அதைக் குறைன்னு எழுதினா நாங்க கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.”

“அப்ப கொற்றிக்கு அவளோட எட்டைத் திருப்பிக் கொடுங்க.”

ரங்கராஜ் என்னைப் பார்க்காமல் சொன்னார். “மறுபடியும் ஒன்றரை நட்சத்திரத்துக்குப் போகச் சொல்றீங்களா?”

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் படித்தவர்கள், வீட்டில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள். ஒருவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பெனாசிர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பி வரவில்லை, ராஜினாமாதான் வந்தது.

தீர்வைக் கண்டுபிடித்தவர் கணக்குத் துறைக்காரர். அடியின் வேகத்தையும் தொட வேண்டாம், அவள் நிற்பதையும் தொட வேண்டாம். உயிர்க்கோடு குறைவதுதானே புகார்? கொற்றியின் தாங்கும் சக்தியைக் கூட்டிவிடலாம். அது வெறும் எண். அனிச்சை இல்லை. யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

“அருமை,” என்றார் சென்னை வக்கீல். ரங்கராஜ் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

இதற்கு வந்த விமர்சனங்கள் பிரமாதம். ‘கொற்றி இப்போது செம ஸ்ட்ராங்.’ ‘பெண்களைப் பெருமைப்படுத்தும் அப்டேட்.’ நான்கே முக்கால் நட்சத்திரம். மகளிர் தினத்துக்கு அவளை வைத்து ஒரு போஸ்டர் அடிக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். நான் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

பொற்கொடிக்குச் செய்தி சொல்ல வேண்டிய வேலையும் திட்டு டிபார்ட்மெண்டுக்குத்தான் வந்தது. அவள் ஏதோ படப்பிடிப்பில் இருந்தாள். பின்னால் யாரோ லைட்டைத் திருப்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எவ்ளோ ஏத்திருக்காங்க?” என்று கேட்டாள்.

“இருபது சதவீதம்.”

அவள் உண்மையாகவே கணக்குப் போடுவது தெரிந்தது.

“இந்தப் பதிவெல்லாம் ஆட ஆடப் பழகும்னு எனக்குக் கருவி மாட்டறப்பவே அந்தப் பாப்பா சொல்லிச்சே மேடம்?”

“ஆமா.”

“அப்ப போதாது,” என்றாள் பொற்கொடி. “நாளாக நாளாகத்தான் அந்தாளு கை ஏறும்.”